பித்தளை டபரா செட்டுக்கு வெள்ளைப் பின்னணி: எங்கே கெட்டது, எப்படிச் சரியானது

பொருள் சின்னது: ஒரு டபரா, ஒரு டம்ளர். வெளிப்புறம் மெருகேற்றிய பித்தளை, உட்புறம் ஈயம் பூசியது. கும்பகோணம் டிகிரி காபியின் பெயரைச் சொல்லி இணையத்தில் விற்க, ஒரு பாத்திரக்கடை தயாரித்த பட்டியலின் முதல் பொருள் இது. கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி மேசையில் வெள்ளை சார்ட் பேப்பர் விரித்து, தலைக்கு மேல் எரிந்த டியூப்லைட் வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்திருந்தார்கள். பிறகு பின்னணியைத் தானாக நீக்கும் செயலியில் படத்தைப் போட்டு, கிடைத்ததை வெள்ளைப் பரப்பில் ஒட்டியிருந்தார்கள்.

வந்த படத்தில் டம்ளரின் வாய் ஒரு பக்கம் கடித்தெடுத்ததுபோல் இருந்தது. ஈயம் பூசிய உட்புறத்தில் பாதி காணவில்லை. பித்தளை ஓரம் முழுக்க மெல்லிய நீலச் சாம்பல் கோடு. டபராவுக்கு அடியில் நிழலே இல்லாததால் அது அந்தரத்தில் நின்றது. டம்ளரின் வயிற்றில் நீலச் சட்டையும் இரண்டு கையும் ஒரு கைப்பேசியும் தெளிவாகத் தெரிந்தன. கடைசிக் குறையைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். ஆனால் வாய் கடிபட்டதும் உட்புறம் காணாமல் போனதும் பிறந்த இடம் அதேதான்: பளபளக்கும் பொருள் தன் பின்னணியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளியே இருக்கும் பின்னணியை வெட்டி எறிந்தாலும் உள்ளே இருப்பது போகாது.

சந்தைத் தளங்கள் கேட்பது என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255 ஆக இருக்க வேண்டும். பொருள் சட்டகத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும். எழுத்து, முத்திரை, தள்ளுபடிப் பட்டை எதுவும் படத்தின்மேல் கூடாது. கூகுளின் வணிகப் பட்டியலும் விளம்பர எழுத்து ஏறிய படத்தை ஏற்பதில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு எடுத்தால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

கண்ணுக்கு வெள்ளை, எண்ணில் சாம்பல்

செயலியில் போடுவதற்கு முந்தைய மூலப்படத்தில் சார்ட் பேப்பரைத் தொட்டு அளந்தால் 228, 231, 236 என்று வருகிறது. கண் இதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். ஆனால் விற்பனைப் பக்கத்தின் நிஜ வெள்ளைக்கு நடுவே இந்தப் படம் அழுக்கான சாம்பல் கட்டமாக நிற்கும். முழுப்படத்தையும் வெளுப்பாக்கி இதைச் சரிசெய்யப் பார்ப்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி. 228 ஐ 255 க்கு ஏற்றினால், பித்தளையில் வெளிச்சம் பட்டு மின்னும் இடங்கள் ஏற்கெனவே 235, 240 இல் இருப்பதால் அவை கூரையில் முட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மெருகின் நுணுக்கம் போய், பித்தளை மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். ஆகவே பின்னணிக்கும் பொருளுக்கும் தனித்தனி வெளுப்பு வேண்டும். அதற்கு விளிம்பைப் பிரித்தாக வேண்டும்.

தானியங்கிச் செயலி ஏன் டம்ளரின் வாயைத் தின்றது? அந்த இடத்தில் பித்தளை பிரதிபலித்தது சார்ட் பேப்பரைத்தான். ஈயப் பூச்சும் அதே சாம்பல் வெள்ளை. பிக்சல் அளவில் பொருளுக்கும் தாளுக்கும் வித்தியாசமே இல்லாதபோது எந்த நிரலாலும் கோடு போட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. 2020 இல் வெளிவந்த யூ-ஸ்கொயர்-நெட் என்ற நரம்பு வலையமைப்பை ரெம்பிஜி போன்ற இலவசக் கருவிகள் பயன்படுத்துகின்றன. அது படத்தை 320×320 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பொருளைத் தேடுகிறது. கிடைத்த மாஸ்க்கை, அதாவது எது பொருள், எது பின்னணி என்று குறிக்கும் மறைப்பை, மறுபடி பெரிதாக்கித் தருகிறது. 3000 பிக்சல் அகலப் படத்தில் மாஸ்க்கின் ஒரு புள்ளி மூலத்தில் 9 பிக்சலுக்கு மேல் அகலத்தை மூடும். டம்ளரின் மடித்த வாய்விளிம்பு மொத்தமே பத்துப் பதினைந்து பிக்சல்தான். பிறகு அது எப்படி முழுசாக வரும்?

இதனால் தானியங்கியே உதவாது என்று ஆகிவிடாது. மண்சட்டி, மரக்கரண்டி, அம்மி, கல்சட்டி போன்ற மங்கலான பொருள்களுக்கு அது தாராளமாகப் போதும். பளபளப்பும் கண்ணாடியும் வந்தால் கையால் வெட்டுவதே வேகம். தானியங்கி கெடுத்ததைச் சரிசெய்ய ஆகும் நேரம் புதிதாக வெட்டும் நேரத்தைவிட அதிகம்.

மறுபடி எடுத்தது

மூலப்படத்தைக் காப்பாற்ற முயலவில்லை. வயிற்றில் தெரியும் நீலச் சட்டையை அழித்து, வளைந்த உலோகத்தின் நிறமாற்றத்தைக் கையால் வரைவது திறமையான ஓவியருக்கே ஒரு நாள் வேலை. மறுபடி எடுக்க ஒரு மணி நேரம் போதும்.

முதலில் பாத்திரம். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாக உலரவிட்டால் தண்ணீர்ப் பொட்டுகள் நிற்கும், படத்தில் ஒவ்வொன்றையும் அழிக்க வேண்டியிருக்கும். ஈயப் பூச்சு இருக்கும் உட்புறத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. துடைத்த பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. பருத்தித் துணியால் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும்.

22×28 அங்குல சார்ட் ஒன்று இந்த வேலைக்குப் போதாது. பின்னணி பொருளிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். 3×6 அடி வெள்ளை வினைல் விரிப்பைச் சுவரில் மாட்டி, மடிப்பு விழாமல் வளைவாக இறக்கி மேசைமேல் விரித்தால் தரையும் சுவரும் ஒன்றாகிவிடும். வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து. ஜன்னலில் வெள்ளை வேட்டித்துணியோ டிரேசிங் பேப்பரோ கட்டினால் பித்தளையில் ஜன்னல் கம்பி விழாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே மென்மையான ஒளிப்பட்டை விழும். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையுமாக நிறம் பிரியும், பிறகு ஒரே திருத்தத்தில் இரண்டையும் சரிசெய்ய முடியாது. மின்விளக்கு மட்டும்தான் வழி என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. வேறு வேகத்தில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டை விழக்கூடும்.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. உருண்டையான உலோகத்தின் நடுப்பகுதி கேமரா பக்கத்தைப் பிரதிபலிக்கும். ஓரத்துக்குப் போகப் போக அது பக்கவாட்டையும், கடைசியில் தனக்குப் பின்னால் இருப்பதையும் பிரதிபலிக்கும். பின்னால் எங்கு பார்த்தாலும் வெள்ளை என்றால் ஓரமும் வெள்ளைதான், விளிம்பு கரைந்துபோகும். அதனால் வெள்ளை விரிப்பில் கேமராவுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வெள்ளையாக விட்டு, சட்டகத்துக்குச் சற்று வெளியே இரண்டு பக்கமும் கருப்பு சார்ட்டை நிறுத்த வேண்டும். 10 செ.மீ. அகலப் பட்டையில் தொடங்கலாம். படத்துக்குள் அதன் ஓரம் எட்டிப் பார்க்கும்வரை உள்ளே தள்ளி, பிறகு மறையும்வரை வெளியே இழுக்க வேண்டும். அப்போது டம்ளரின் இரண்டு ஓரத்திலும் ஒரு மெல்லிய கரும்பழுப்புக் கோடு தோன்றும். வெட்டும்போது கண்ணுக்கும் கருவிக்கும் பிடிமானம் அந்தக் கோடுதான். வெட்டிய பிறகு வெள்ளைப் பக்கத்தில் பாத்திரத்துக்கு உருவம் தருவதும் அதுவே.

கேமராவை மறைக்க ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னாலிருந்து எடுத்தார்கள். வயிற்றில் இப்போது தெரிவது ஒரு சின்னக் கரும்புள்ளி மட்டும்; அதைக் கறை நீக்கும் கருவியான ஹீலிங் பிரஷ்ஷால் ஒரே தொடுதலில் எடுத்துவிடலாம். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின்மேல் போலரைசர் என்ற வடிகட்டியை மாட்டலாமா என்று கேட்பார்கள். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் அது வேலை செய்யும், வெறும் உலோகப் பரப்பில் பலன் இருக்காது.

கைப்பேசியின் அகலக்கோண லென்ஸில் கிட்டப்போய் எடுத்தால் டம்ளரின் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும். இரண்டு மடங்கு லென்ஸில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். போர்ட்ரெய்ட் முறை வேண்டவே வேண்டாம். அது போலி மங்கலைச் சேர்க்கும்போது வாய்விளிம்பையும் சேர்த்துக் கரைக்கும். முக்காலி, 2 நொடி டைமர், பூட்டிய ஃபோகஸ். வெளுப்பைப் பித்தளையின் மினுக்கு முட்டாத அளவுக்கு வைத்து, பின்னணி 240 வாக்கில் விழுந்தால் போதும். படம் எடுக்கும்போதே 255 வர வேண்டும் என்று வெள்ளையை எரித்தால் அந்த ஒளி லென்ஸில் சிதறி விளிம்பை அரிக்கும்.

கோட்டை வெட்டுவது

ஃபோட்டோஷாப்பிலும், உலாவியில் ஓடும் ஃபோட்டோபியாவிலும் வளைகோட்டுப் பாதை வரையும் கருவி பென் டூல். கிம்பில் அதே வேலைக்குப் பாத்ஸ் டூல். 200 முதல் 300 சதவீதப் பெரிதாக்கத்தில் வரைய வேண்டும். டம்ளரின் வாய் ஒரு நீள்வட்டம், அதற்கு நான்கு புள்ளி போதும்: இடம், வலம், மேல், கீழ். புதிதாக வரைபவர்கள் பத்துப் பன்னிரண்டு புள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு கொஞ்சம் உடைந்து, பாத்திரம் நசுங்கியதுபோல் தெரியும். வட்டமான பொருளில் அரை மில்லிமீட்டர் கோணலைக்கூடக் கண் பிடித்துவிடும்.

பாதையைக் கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே போட வேண்டும். காரணத்தை எண்ணில் பார்க்கலாம். ஓரத்துப் பிக்சல் முழுப் பித்தளையும் இல்லை, முழுப் பின்னணியும் இல்லை, இரண்டின் கலவை. 1984 இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் போர்ட்டரும் டஃபும் எழுதிய படச்சேர்க்கை விதி சொல்வது இதைத்தான்: பொருளின் பங்கை அதன் நிறத்தால் பெருக்கி, மிச்சப் பங்கைப் பின்னணியின் நிறத்தால் பெருக்கிக் கூட்டினால் பிக்சல் வரும். பித்தளை 180, 140, 60 என்றும் பின்னணி 230, 233, 238 என்றும் வைத்துக்கொண்டால் பாதிக்குப் பாதிப் பிக்சல் 205, 187, 149. இதை 50 சதவீத மாஸ்க்கோடு சுத்த வெள்ளையில் ஒட்டினால் 230, 221, 202 ஆகும். உண்மையில் வர வேண்டியது 218, 198, 158. பழைய வெள்ளையும் புது வெள்ளையும் இரண்டு முறை சேர்ந்து ஓரத்தை வெளுக்கின்றன. வெள்ளைப் பக்கத்தில் இது லேசான மங்கல். கருஞ்சிவப்புப் பக்கத்தில் ஒட்டினால் பளிச்சென்று வெள்ளை ஒளிவட்டம். முதல் படத்தின் நீலச் சாம்பல் கோடும் இதே கணக்குதான்.

பாதையைத் தேர்வாக மாற்றும்போது ஃபெதர், அதாவது ஓரத்தை மென்மையாக்கும் அளவு, 0.5 முதல் 0.8 பிக்சல். பூஜ்யம் வைத்தால் கத்தரியால் வெட்டிய ஓரம். 2 க்கு மேல் போனால் பாத்திரத்துக்கு ரோமம் முளைத்ததுபோல் ஆகும். வெட்டியதை அழிப்பானால் அழிக்காமல் லேயர் மாஸ்க்காக வைத்தால், பின்னால் ஒரு ஓரத்தை மட்டும் திருத்தலாம். அப்படியும் ஓரத்தில் பின்னணி நிறத்தின் கசிவு மிஞ்சினால் அதைப் பொருளின் நிறத்தால் மாற்றும் ‘டிகன்டாமினேட் கலர்ஸ்’ உதவும், ஆனால் அதை அளவோடு பயன்படுத்த வேண்டும். கூட்டினால் பித்தளையின் மஞ்சள் ஓரத்தில் வழிந்து நிற்கும். சோதிக்க, மாஸ்க்குக்கு அடியில் ஒரு கருப்பு லேயரும் ஒரு சிவப்பு லேயரும் மாறி மாறி வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையின்மேல் மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதுதான் பெரும்பாலான கோளாறுக்கு வழி.

நிழலைத் தூக்கி எறியாதீர்கள்

பின்னணியோடு நிழலையும் வெட்டிவிட்டு, பிறகு மெனுவில் இருக்கும் ‘டிராப் ஷேடோ’வைத் தட்டிவிடுவது பரவலான பழக்கம். அந்த விளைவு பொருளின் உருவத்தையே கருப்பாக்கிப் பின்னால் நகர்த்துகிறது. அப்படிப்பட்ட நிழல் சுவரில் ஒட்டிய தாளுக்குத்தான் விழும், மேசையில் நிற்கும் டபராவுக்கு விழாது.

நிஜ நிழல் மூலப்படத்திலேயே இருக்கிறது. மூல லேயரைப் பிரதியெடுத்து, வெட்டிய பாத்திரத்துக்கு அடியில் வைத்து, நிறத்தை முக்கால்வாசி குறைத்து, வெள்ளை மறைந்து கருமை மட்டும் சேரும் ‘மல்டிப்ளை’ முறைக்கு மாற்ற வேண்டும். அந்த லேயருக்கு மட்டும் ‘லெவல்ஸ்’ திறந்து வெள்ளை முனையைப் பின்னணியின் மிகக் குறைந்த அளவுக்கு இழுத்தால் (இந்தப் படத்தில் 236) பின்னணி 255 ஆகிவிடும், நிழல் மட்டும் மிஞ்சும். மூலைகளில் கருமை தங்கினால் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கில் துடைத்துவிடலாம். நிறத்தை முழுக்க எடுக்க வேண்டாம். பித்தளையிலிருந்து தெறித்த இளமஞ்சள் நிழலில் கொஞ்சம் இருந்தால்தான் பொருள் அங்கே நின்றது என்று நம்பத் தோன்றும்.

மூல நிழல் அசிங்கமாக இருந்து, புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு நிழல் வேண்டும். ஒன்று அடியை ஒட்டிய ஒடுங்கிய நீள்வட்டம்: 2000 பிக்சல் படத்தில் 6 முதல் 10 பிக்சல் மங்கல், 60 சதவீத அடர்த்தி. மற்றது அகலமானது: 60 முதல் 80 பிக்சல் மங்கல், 15 முதல் 20 சதவீதம். அது ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். டம்ளரில் ஒளிப்பட்டை இடப்பக்கம் இருந்து நிழலும் இடப்பக்கமே விழுந்தால், காரணம் சொல்லத் தெரியாமலே வாங்குபவர் சந்தேகப்படுவார்.

ஃபில்டர், விளக்கு, கண்ணாடி

அதே பட்டியலில் எவர்சில்வர் காபி ஃபில்டருக்குச் சிக்கல் வேறு. அதன் சாம்பலும் நிழலின் சாம்பலும் ஒன்று. தானியங்கி நிழலையும் பொருளாக எண்ணிச் சேர்த்துக்கொள்கிறது. டிகாக்ஷன் இறங்கும் துளைகளை வெட்டத் தேவையில்லை, அவற்றின் வழியே தெரிவது பாத்திரத்தின் உள்பக்கம். ஆனால் அழுத்தும் தட்டுக்கும் அதன் கைப்பிடிக்கும் இடையில் அடைபட்டுக் கிடக்கும் பழைய பின்னணியை மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனிப் பாதை போட்டுக் கழிக்க வேண்டும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோயிலில் வார்க்கும் குத்துவிளக்கு, அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அமர்ந்த பிரபை என்று பிரித்துத் திருகிச் சேர்ப்பது. அன்னத்தின் அலகுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள இடுக்குகள்தான் வெட்டுவதில் கஷ்டம். கார்த்திகைக்குக் கருஞ்சிவப்புப் பின்னணியில் இரண்டாம் படம் வேண்டும் என்று கடை கேட்டது. வெள்ளையில் எடுத்த விளக்கை வெட்டி ஒட்டினால் தண்டு முழுக்க வெள்ளை விரிப்பு மின்னும். இருட்டான அறையில் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? அதற்கு வழி, கருஞ்சிவப்புத் துணியை நிஜமாகவே பின்னால் தொங்கவிட்டுத் தனியாக எடுப்பது. சுடரை மாஸ்க்கால் வெட்டவே கூடாது, அதற்கு விளிம்பு கிடையாது. கருப்புப் பின்னணியில் எரியும் திரியைத் தனியாக எடுத்து ‘ஸ்க்ரீன்’ முறையில் மேலே வைத்தால் கருப்பு மறைந்து ஒளி மட்டும் சேரும்.

கண்ணாடி ஜாடிக்கு ஒரு துல்லியமான முறை இருக்கிறது. ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996 இல் நிறுவிக் காட்டியது: ஒரே பொருளை இரண்டு வேறு பின்னணியில் அசையாமல் எடுத்தால் ஒவ்வொரு பிக்சலும் எத்தனை பங்கு ஒளிபுகா என்று கணக்கிட்டுவிடலாம். பின்னணி வெள்ளையில் 0.95, கருப்பில் 0.03, ஜாடியின் ஓர் இடம் வெள்ளையில் 0.70, கருப்பில் 0.10 என்று வைத்துக்கொள்வோம். ஜாடியின் வித்தியாசம் 0.60, பின்னணியின் வித்தியாசம் 0.92. வகுத்தால் 0.65, அந்த இடத்தில் 65 சதவீதம் ஒளி ஊடுருவுகிறது, 35 சதவீதம் ஒளிபுகா. கணக்கை நேரியல் ஒளி அளவில் செய்ய வேண்டும், 0 முதல் 255 வரையிலான சாதாரண எண்களில் செய்தால் தப்பாக வரும். முக்காலி அசையக் கூடாது, வெளுப்பு மாறக் கூடாது, பின்னால் உள்ள அட்டை மட்டும் மாற வேண்டும். அழகான முறைதான். ஆனால் வெள்ளைப் பின்னணிதான் கடைசித் தேவை என்றால் இதெல்லாம் வேண்டியதில்லை. ஜாடிக்குப் பின்னால் வெளிச்சமான வெள்ளை, இரண்டு பக்கமும் கருப்பு அட்டை வைத்து எடுத்து, சுற்றியுள்ள பகுதியை மட்டும் 255 ஆக்கிவிட்டு ஜாடியை வெட்டாமலே விடுவதுதான் நல்லது.

எழுத்தில் சொன்னால் பின்னணியை வரைந்து தரும் செயலிகளைக் கடை ஆர்வமாகக் கேட்டது. ஆவி பறக்கும் காபி, மாவிலை, கோலம் எல்லாம் நொடியில் வந்துவிடும். ஆனால் அவற்றில் சில, பின்னணியோடு பாத்திரத்தையும் மறுபடி வரைகின்றன: வாய்விளிம்பின் மடிப்பு தடிக்கிறது, தட்டிய குழிகள் வரிசை மாறுகின்றன, அடியில் பொறித்த எழுத்து கிறுக்கலாகிறது. விற்கும் பொருளின் பிக்சலைத் தொடாமல், மூல லேயரை மேலே மறுபடி வைத்தாக வேண்டும். இது ரசனை மட்டும் சார்ந்த விஷயம் இல்லை. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இன்படி, படமும் விவரிப்பும் பொருளின் தோற்றத்தோடும் தரத்தோடும் நேரடியாகப் பொருந்தும் என்று விற்பவரிடம் உறுதிமொழி வாங்குவது சந்தைத் தளத்தின் கடமை. பக்கத்தில் ஒரு குட்டி எலுமிச்சம்பழத்தை வைத்து டம்ளரைப் பெரிதாகக் காட்டுவதும் அந்த உறுதிமொழிக்குப் பொருந்தாது. உயரம், வாயகலம், கொள்ளளவு மூன்றையும் கோடு போட்டுக் காட்டும் படம் ஒன்றை இரண்டாவதாக வைத்தால் திரும்பி வரும் பொருள் குறையும்.

வெளியே அனுப்பும் கோப்பு

2000×2000 பிக்சல் சதுரத்தில் டபரா செட்டின் நீண்ட பக்கம் 1700 பிக்சல். மேலே ‘த்ரெஷோல்ட்’ லேயர் ஒன்றை 255 இல் வைத்தால் சுத்த வெள்ளை அல்லாத எல்லாமே கருப்பாகத் தெரியும். பாத்திரமும் நிழலும் கருப்பாகி மீதி வெள்ளையாக இருந்தால் சரி. மூலையில் தூசி போல் கரும்புள்ளி தெரிந்தால் நிழல் லேயரின் மாஸ்க்கில் துடைக்க வேண்டிய இடம் அது. பார்த்து முடித்ததும் அந்த லேயரை அணைக்க மறக்கக் கூடாது.

நிறவெளியை (நிற எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கும் என்ற வரையறையை) இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். ஐபோன் படங்கள் அதைவிட அகன்ற டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் வரும். மாற்றாமல், கோப்பில் இருக்கும் நிறவெளிக் குறிப்பு மட்டும் கழன்றுவிட்டால் பித்தளையின் மஞ்சள் சோகை பிடித்ததுபோல் இருக்கும். ஜேபெக் தரம் 85 முதல் 90. அதற்குக் கீழே போனால் 8×8 பிக்சல் கட்டங்களாக அமுக்கும்போது விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் எழும், 255 ஆக இருந்த வெள்ளை 252, 253 என்று குலையும். ஜேபெக்காகச் சேமிப்பது கடைசியில் ஒரே ஒரு முறை. லேயர்களுடன் கூடிய மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும். ஒளிபுகும் பின்னணியோடு பிஎன்ஜியாக வைத்ததை அப்படியே ஜேபெக்காக மாற்றினால் சில செயலிகளில் பின்னணி கருப்பாகிவிடும். அதனால் வெள்ளை லேயரை அடியில் போட்டு ஒன்றாக்கிய பிறகே மாற்ற வேண்டும்.

இத்தனையும் செய்த படத்தைக் கடைக்கு வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி அமுக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்ப வேண்டும். கடையில் அதைப் பெறுபவரும் கேலரிக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல், கோப்பை அப்படியே இறக்கித்தான் தளத்தில் ஏற்ற வேண்டும்.